பிட்டர் ரூட்: பிளவுண்ட வேட்டைக் குடும்பமும் அமெரிக்க இனவெறியின் வரலாறும்

‘பிட்டர் ரூட்’ அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் நிறுவனம் 2018 நவம்பர் முதல் வெளியிட்ட வரைகதைத் தொடர். தலைப்பின் பொருள் ‘கசப்பு வேர்’. டேவிட் எஃப். வாக்கர், சக் பிரவுன், சான்ஃபோர்ட் கிரீன் ஆகிய மூவரும் இணைந்து இதை உருவாக்கினர். 1924-ஆம் ஆண்டின் நியூயார்க் நகரில், ஹார்லெம் பகுதியில் கதை நடக்கிறது. அரக்கர்களை வேட்டையாடுவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சாங்கெரி என்ற கறுப்பினக் குடும்பம் இதன் மையம். ஒருகாலத்தில் புகழுடன் இருந்த அக்குடும்பம் இழப்புகளாலும் கொள்கை வேறுபாட்டாலும் பிரிந்து கிடக்கிறது.

அரக்கர் வேட்டைக் கதைகள் மேற்கத்திய வரைகதை உலகில் ஏராளம். அவற்றிலிருந்து இத்தொடர் ஓர் அடிப்படை விதியால் வேறுபடுகிறது. இதில் வரும் அரக்கர்களில் பெரும்பாலோர் மனிதராகப் பிறந்தவர்கள், இனவெறுப்பு உள்ளே முற்றியதால் உருமாறியவர்கள். எனவே அவர்களைக் கொல்வதா, குணப்படுத்துவதா என்பதே குடும்பத்தைப் பிளந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு 1919, 1921 ஆகிய ஆண்டுகளின் உண்மை நிகழ்வுகளில் வேர் இருக்கிறது. அந்த வரலாற்றை அறியாமல் இத்தொடரை முழுமையாகப் படிக்க இயலாது.

ஆக்கியோரும் வெளியீடும்

டேவிட் எஃப். வாக்கர் மார்வெல், டிசி ஆகிய பெரு நிறுவனங்களுக்காக ‘சைபோர்க்’, ‘நைட்ஹாக்’, ‘லூக் கேஜ்’ போன்ற கறுப்பின நாயகர்களின் கதைகளை எழுதியவர். 2016-இல் மார்வெல் வெளியிட்ட ‘பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட்’ தொடரில் வாக்கர் எழுத்தாளராகவும் கிரீன் ஓவியராகவும் இணைந்து பணியாற்றினர். சக் பிரவுனும் கிரீனும் அதற்கு முன்பே அறிமுகமானவர்கள், இருவரும் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். இமேஜ் நிறுவனத்தில் படைப்பின் உரிமை படைப்பாளிகளிடமே இருக்கும். பிறருக்குச் சொந்தமான நாயகர்களை எழுதி வந்த மூவரும் தங்களுக்கே உரிய ஓர் உலகத்தை அமைக்க அந்த ஏற்பாடு வழி செய்தது.

தொடரின் முதல் மூன்று தொகுப்புகள் ‘ஃபேமிலி பிசினஸ்’ (2019), ‘ரேஜ் அண்ட் ரிடெம்ப்ஷன்’ (2020), ‘லெகசி’ (2021) என்ற தலைப்புகளில் வெளிவந்தன. முதல் தொகுப்பின் தலைப்பைக் ‘குடும்பத் தொழில்’ என்றும், அடுத்ததைச் ‘சினமும் மீட்சியும்’ என்றும், மூன்றாவதை ‘மரபுரிமை’ என்றும் பொருள் கொள்ளலாம். இவற்றுடன் 2019-இல் ‘ரெட் சம்மர் ஸ்பெஷல்’ என்ற சிறப்பிதழும் வந்தது.

1924-இன் ஹார்லெம்

ஹார்லெம் தொடக்கத்தில் வசதியுள்ள வெள்ளையருக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புப் பகுதி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேவைக்கு மேல் வீடுகள் கட்டப்பட்டு, பல காலியாகக் கிடந்தன. 1904-இல் ஃபிலிப் பேட்டன் என்ற கறுப்பினத் தொழில்முனைவோர் ‘ஆஃப்ரோ-அமெரிக்கன் ரியால்டி கம்பெனி’யைத் தொடங்கி, அவ்வீடுகளில் கறுப்பினக் குடும்பங்களைக் குடியமர்த்தினார். அதன்பின் தென் மாநிலங்களிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர்.

இந்த வருகை ‘பெரும் இடப்பெயர்வு’ எனப்படும் நிகழ்வின் ஒரு பகுதி. 1910-க்கும் 1970-க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் சென்றனர். பருத்தி வயல்களின் குத்தகைக் கடன், வாக்குரிமை மறுப்பு, ‘லிஞ்சிங்’ எனப்படும் கும்பல் கொலை ஆகியவை அவர்களைத் துரத்தின. வடக்கின் தொழிற்சாலைக் கூலி அவர்களை ஈர்த்தது. ஒரே குடும்பத்தில் சிலர் மிசிசிப்பியிலும் சிலர் சிகாகோவிலும் சிலர் ஹார்லெமிலும் வாழும் நிலை இதனால் ஏற்பட்டது.

கதை நிகழும் 1924 கறுப்பின இலக்கியத்துக்கும் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு மார்ச் 21 அன்று நியூயார்க்கின் சிவிக் கிளப்பில் ‘ஆப்பர்சூனிட்டி’ இதழின் ஆசிரியர் சார்லஸ் எஸ். ஜான்சன் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார். கறுப்பின எழுத்தாளர்களும் வெள்ளையினப் பதிப்பாளர்களும் அங்கு சந்தித்தனர். அதன் தொடர்ச்சியாக 1925 மார்ச்சில் ‘சர்வே கிராஃபிக்’ இதழ் ஹார்லெம் சிறப்பிதழை வெளியிட்டது. அதே ஆண்டு ஆலன் லாக் தொகுத்த ‘தி நியூ நீக்ரோ’ நூல் வந்தது. ‘ஹார்லெம் மறுமலர்ச்சி’ என்று பின்னாளில் பெயர் பெற்ற கலை எழுச்சியின் தொடக்கம் இதுவே.

மறுபுறத்தில் கு க்ளக்ஸ் க்ளான் அமைப்பு அப்போது தன் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ திரைப்படம் வந்த 1915-ஆம் ஆண்டிலேயே அது ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் மீண்டும் தொடங்கப்பட்டிருந்தது. 1920-களின் நடுவில் அதன் உறுப்பினர்கள் பல லட்சக்கணக்கில் இருந்தனர். குடியேற்றத்தை இன அடிப்படையில் கட்டுப்படுத்திய ஜான்சன்-ரீட் சட்டமும் 1924-இல்தான் நிறைவேறியது. ஒரே ஆண்டில் ஒருபக்கம் கலை எழுச்சியும் மறுபக்கம் வெறுப்பின் எழுச்சியும் நிகழ்ந்ததே இத்தொடரின் களம்.

குடும்பமும் பிளவும்

சாங்கெரி குடும்பத்தின் தலைவி மா எட்டா. மூலிகைகளையும் வேர்களையும் கொண்டு மருந்து தயாரிக்கும் அறிவு அவர் வசம் உள்ளது. உருமாறியவர்களின் உடலில் அம்மருந்தைச் செலுத்தி அவர்களை மீண்டும் மனிதராக்குவதே குடும்பத்தின் பழைய நெறி. இதைக் குடும்பத்தார் தூய்மைப்படுத்தல் என்கின்றனர்.

பெர்க் பருத்த உடலும் நீண்ட, அலங்காரமான பேச்சும் கொண்டவன். கல்லென் இப்போதுதான் வேட்டையைக் கற்றுவரும் இளைஞன். பிளிங்க் என்று அழைக்கப்படும் பெலிண்டா இவர்கள் இருவரையும்விடத் திறமையாகச் சண்டையிடக்கூடியவள். ஆனால் பெண்கள் மருந்து தயாரிக்க வேண்டும், ஆண்களே வேட்டைக்குப் போகவேண்டும் என்பது மா எட்டாவின் கட்டுப்பாடு. அதை ஏற்க பிளிங்க் மறுக்கிறாள்.

ஃபோர்டு என்ற உறவினன் குடும்பத்தை விட்டு விலகி மிசிசிப்பியில் தனியாக வேட்டையாடுகிறான். குணப்படுத்துவதில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. வெறுப்பால் மாறியவர்களைக் கொன்றுவிடுவதே பாதுகாப்பு என்பது அவன் முடிவு. ஹார்லெமில் மருந்து ஊசியும் மிசிசிப்பியில் துப்பாக்கியுமாகக் குடும்பம் இரண்டாகி நிற்கிறது.

இடப்பெயர்வால் சிதறிய குடும்பங்களின் நிலையை இந்தப் பிரிவு நினைவூட்டுகிறது. தெற்கில் இருப்பவர் நாள்தோறும் காண்பதும் வடக்கில் இருப்பவர் காண்பதும் ஒன்றல்ல. ஃபோர்டின் கடுமை அவன் வாழும் நிலத்திலிருந்து வருகிறது. மா எட்டாவின் பொறுமைக்கோ நம்பி நிற்க ஒரு வீடும் ஒரு தெருவும் இருக்கின்றன. தொடர் இருவரில் ஒருவரைச் சரி என்றும் மற்றவரைத் தவறு என்றும் எளிதில் தீர்ப்பளிப்பதில்லை.

பிளிங்கின் மனக்குறைக்கும் அக்கால வரலாற்றில் ஓர் இணை உண்டு. 1924-இன் சிவிக் கிளப் விருந்து முதலில் ஜெஸ்ஸி ஃபாசெட்டின் ‘தேர் இஸ் கன்ஃப்யூஷன்’ நாவல் வெளிவந்ததைக் கொண்டாடவே திட்டமிடப்பட்டது. விருந்து நடந்தபோது மேடையில் ஆண்களே முன்னிலை பெற்றனர், ஃபாசெட் ஓரத்தில் நிறுத்தப்பட்டார். இனவெறியை எதிர்த்த இயக்கங்களுக்குள்ளும் பெண்களுக்கு எல்லைக்கோடு போடப்பட்டிருந்தது என்பதை இத்தொடர் மறைக்கவில்லை.

ஜினூ: வெறுப்பின் உருவம்

வெறுப்பால் உருமாறியவர்களுக்குத் தொடரில் வழங்கும் பெயர் ‘ஜினூ’. கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட பெரும் உருவங்களாக இவர்களை கிரீன் வரைகிறார். முதல் இதழிலேயே மிசிசிப்பிக் காட்டில் ஒரு கறுப்பினத்தவரை க்ளான் கூட்டம் துரத்தும் காட்சி வருகிறது. அங்கு ஃபோர்டு எதிர்கொள்வது வெள்ளை அங்கிக்குள் இருக்கும் அரக்கர்களை.

இந்த உருவகத்தில் ஓர் ஆபத்து உண்டு. இனவெறியை வெளியிலிருந்து வந்த மாயச் சக்தியாகக் காட்டினால், அதைச் செய்த மனிதரின் பொறுப்பு குறைந்துவிடும். தொடர் இதைக் கவனமாகக் கையாள்கிறது. தீய சக்தி யாரையும் வலிந்து பிடிப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே வளர்த்துவைத்திருக்கும் வெறுப்பே உருமாற்றத்துக்கு வழி. க்ளான் கூட்டத்தோடு வந்த ஜானி-ரே என்ற வெள்ளை இளைஞன் உருமாறாமல் எஞ்சுகிறான். பின்னர் அவன் ஃபோர்டுடனேயே பயணம் செய்கிறான். வெறுப்பு பிறப்போடு வருவதன்று, பழகி வளர்ப்பது என்ற கருத்தை இப்பாத்திரம் தாங்கி நிற்கிறது.

திகில் இலக்கியத்தின் வரலாற்றோடு ஒப்பிடும்போது இந்த விதியின் முக்கியத்துவம் புலப்படும். அமெரிக்கத் திகில் எழுத்தின் முன்னோடியான எச். பி. லவ்கிராஃப்ட் 1924 முதல் 1926 வரை நியூயார்க்கில் வாழ்ந்தார். 1925-இல் அவர் எழுதிய ‘தி ஹாரர் அட் ரெட் ஹுக்’ கதையில், நகரின் புலம்பெயர்ந்தோரும் நிறத்தால் வேறுபட்டோருமே அச்சத்தின் ஊற்றாகக் காட்டப்படுகின்றனர். அதே நகரம், ஏறத்தாழ அதே ஆண்டு. ‘பிட்டர் ரூட்’ அந்தப் பார்வையைத் திருப்பிப் போடுகிறது. இங்கு அஞ்சத்தக்கவர் அயலார் அல்லர், அயலாரை வெறுப்பவரே. விக்டர் லவால் 2016-இல் எழுதிய ‘தி பாலட் ஆஃப் பிளாக் டாம்’ குறுநாவலும் லவ்கிராஃப்டின் இதே கதைக்கு மறுமொழியாக, 1924-இன் ஹார்லெமில் தொடங்குகிறது.

1919: சிவப்புக் கோடை

தொடரின் சிறப்பிதழுக்குப் பெயர் தந்த ‘சிவப்புக் கோடை’ 1919-இல் நடந்த உண்மை நிகழ்வுகளின் தொகுப்பு. இப்பெயரைச் சூட்டியவர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன். இவர் எழுத்தாளர். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் களச் செயலராகவும் பணியாற்றினார்.

முதல் உலகப் போரில் 369-ஆம் காலாட்படைப் பிரிவு 191 நாட்கள் போர்முனையில் இருந்தது. ‘ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ்’ என்று அழைக்கப்பட்ட இந்தக் கறுப்பினப் படைக்கு பிரான்ஸ் ‘குரோவா த கேர்’ விருது வழங்கியது. 1919 பிப்ரவரி 17 அன்று அவர்கள் ஃபிஃப்த் அவென்யூ வழியாக ஹார்லெம்வரை அணிவகுத்துச் சென்றபோது பெருந்திரளான மக்கள் வரவேற்றனர். ஆனால் நாடு திரும்பிய கறுப்பின வீரர்கள் சம உரிமை கேட்பார்கள் என்ற அச்சம் வெள்ளையரிடையே பரவியது. வேலைக்கும் வீட்டுக்குமான போட்டி அந்த அச்சத்துக்கு எண்ணெய் வார்த்தது.

அவ்வாண்டு இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வன்முறை வெடித்தது. ஜூலை 27 அன்று சிகாகோவில் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் மிச்சிகன் ஏரியில் வெள்ளையருக்கென ஒதுங்கியிருந்த பகுதிக்கு மிதந்து சென்றான். கரையிலிருந்து கல் எறியப்பட்டதில் அவன் மூழ்கி இறந்தான். காவலர் குற்றவாளியைக் கைது செய்ய மறுத்ததைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 38 பேர் இறந்தனர். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர்.

செப்டம்பர் 30 அன்று ஆர்கன்சா மாநிலத்தின் எலேன் அருகே ஒரு தேவாலயத்தில், பருத்திக்கு நியாய விலை பெறுவது பற்றிப் பேசக் குத்தகை விவசாயிகள் கூடினர். அங்கு தொடங்கிய துப்பாக்கிச் சூட்டின் பின் வெள்ளையினக் கும்பல்களும் படையினரும் கறுப்பின மக்களை வேட்டையாடினர். இறந்தவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. ஆனால் மரண தண்டனை விதிக்கப்பட்டதோ 12 கறுப்பினத்தவருக்கு. கும்பலின் மிரட்டலுக்கு இடையே நடந்த விசாரணை நியாயமானதன்று என 1923-இல் ‘மூர் எதிர் டெம்ப்சி’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் அந்த 12 பேரும் விடுதலையாயினர்.

இந்த வன்முறைக்கு எப்படி மறுமொழி சொல்வது என்பதில் கறுப்பின மக்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. என்.ஏ.ஏ.சி.பி. நீதிமன்றத்தையும் சட்டமன்றத்தையும் நாடியது. அது ஆதரித்த டையர் மசோதா கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்க முனைந்தது. 1922 ஜனவரியில் கீழவையில் நிறைவேறிய அம்மசோதா, மேலவையில் தென் மாநில உறுப்பினர்களால் முடக்கப்பட்டது. மறுபுறத்தில் கிளாட் மெக்கே 1919 ஜூலையில் வெளியிட்ட ‘இஃப் வி மஸ்ட் டை’ என்ற கவிதை எதிர்த்து நிற்பதைப் போற்றியது. சிரில் பிரிக்ஸ் தொடங்கிய ஆஃப்ரிக்கன் பிளட் பிரதர்ஹுட் அமைப்பு ஆயுதம் ஏந்திய தற்காப்பை வலியுறுத்தியது.

மா எட்டாவும் ஃபோர்டும் நடத்தும் விவாதத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். வெறுப்பவரை மாற்ற முடியும் என்று நம்பி உழைப்பதா, தன் மக்களைக் காக்கத் திருப்பித் தாக்குவதா? 1919-க்குப் பின் பல கறுப்பின வீடுகளில் இக்கேள்வி இருந்தது. அரக்கர் கதைக்குள் அதைக் கொண்டுவந்ததால், குடும்பச் சண்டை வெறும் மனத்தாங்கலாக நின்றுவிடாமல் உயிர்ப் பிரச்சினையாகிறது.

1921: டல்சாவும் துயரத்தின் அரக்கரும்

முதல் தொகுப்பில் வரும் மருத்துவர் வால்டர் சில்வெஸ்டர் தொடரின் மிகச் சிக்கலான பாத்திரங்களுள் ஒருவர். அவர் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் தன் குடும்பத்தை இழந்தவர். அவருடைய கதை 1921 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களின் படுகொலையை அடிப்படையாகக் கொண்டது.

டல்சாவின் கிரீன்வுட் பகுதி கறுப்பின வணிகர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் செழித்து வாழ்ந்த இடம். பின்னாளில் ‘கறுப்பின வால் ஸ்ட்ரீட்’ என்று பெயர் பெற்றது. டிக் ரோலண்ட் என்ற இளைஞர் மின்தூக்கியில் ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்கினார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். அவரைக் கும்பல் கொன்றுவிடக் கூடாதென்று கறுப்பின முன்னாள் வீரர்கள் நீதிமன்றத்துக்கு வந்தனர். அங்கு மூண்ட மோதலுக்குப் பின் வெள்ளையினக் கும்பல் கிரீன்வுட்டுக்குள் புகுந்தது. ஏறத்தாழ 35 கட்டடத் தொகுதிகளும் 1,200-க்கும் மேற்பட்ட வீடுகளும் எரிந்தன. இறந்தவர்கள் 100 முதல் 300 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தர மறுத்தன. கொலைக்காகவும் எரிப்புக்காகவும் வெள்ளையர் எவரும் சிறை செல்லவில்லை.

அதன்பின் பல பத்தாண்டுகள் பள்ளிப் பாடங்களிலும் பொதுப்பேச்சிலும் இந்நிகழ்வு இடம்பெறவில்லை. 1997-இல் ஓக்லஹோமா அமைத்த விசாரணைக் குழு 2001-இல் அறிக்கை அளித்தது. உயிர் தப்பியோரில் எஞ்சியிருந்தவர்கள் இழப்பீடு கோரித் தொடுத்த வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் 2024-இல் தள்ளுபடி செய்தது.

சில்வெஸ்டர் ஜினூவாக மாறவில்லை. தொடர் அவருக்கு ‘இன்சோண்டோ’ என்ற வேறொரு பெயரைத் தருகிறது. ‘இன்சோண்டோ’ ஜூலு மொழியில் வெறுப்பைக் குறிக்கும் சொல். ஜினூ அடுத்தவரை வெறுத்ததால் மாறியவர். இன்சோண்டோ, அந்த வெறுப்பு தன்மீது ஏவிய கொடுமையின் துயரத்தாலும் அதிர்ச்சியாலும் மாறியவர். இருவரின் தோற்றமும் அச்சம் தருவது, ஆனால் காரணம் வேறு.

இந்தப் பிரிவினைதான் தொடரின் அறச் சிக்கலை ஆழப்படுத்துகிறது. ஜினூவைக் கொல் என்று சொல்வது எளிது. தன் வீட்டாரை எரித்தவர்கள் தண்டனையின்றி வாழ்வதைக் கண்டு மனம் முறிந்த ஒருவரை என்ன செய்வது? அவருடைய சினம் நியாயமானது, அதன் விளைவோ அழிவு. பின்னர் சாங்கெரி குடும்பத்திலேயே பெர்க்கை இந்த மாற்றம் தொற்றும்போது கேள்வி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கொல்வதா, குணப்படுத்துவதா என்று வாதிட்டவர்கள் இப்போது தங்கள் இரத்த உறவைப் பற்றியே முடிவெடுக்க வேண்டியுள்ளது. வெறுப்பு அதற்கு ஆளானவரையும் விட்டுவைப்பதில்லை என்பதே இங்கு தொடர் சொல்லும் செய்தி.

வேர் மருத்துவ மரபு

மா எட்டாவின் மருந்துகள் முழுக் கற்பனை அல்ல. ‘ஹூடூ’ அல்லது ‘ரூட்வொர்க்’ எனப்படும் வேர் மருத்துவம் அமெரிக்கத் தெற்கில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களிடையே உருவான மரபு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நம்பிக்கைகளும் அமெரிக்கப் பழங்குடியினரின் மூலிகை அறிவும் கிறித்தவ வழிபாட்டுக் கூறுகளும் அதில் கலந்துள்ளன. மருத்துவர் கிடைக்காத இடத்தில் அது மருந்தாகவும், சட்டம் காக்காத இடத்தில் காப்பாகவும் இருந்தது.

ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு. கொடிய எசமானிடம் சவுக்கடி பட்ட இளம் டக்ளஸுக்கு, சாண்டி ஜென்கின்ஸ் என்ற மற்றோர் அடிமை ஒரு வேரைத் தருகிறார். அதை வலப்புறத்தில் வைத்துக்கொண்டால் எந்த வெள்ளையரும் அடிக்க முடியாது என்கிறார். டக்ளஸ் அதை முழுமையாக நம்பவில்லை, ஆயினும் எடுத்துச் செல்கிறார். பிறகு எசமானை எதிர்த்துப் போராடி வெல்கிறார். டேவிட் எஃப். வாக்கர் டக்ளஸின் வாழ்க்கையையும் வரைகதை நூலாக எழுதியுள்ளார். அது ‘பிட்டர் ரூட்’ முதல் தொடர் வெளிவந்துகொண்டிருந்த 2019-இல் வெளியானது.

ஹார்லெம் மறுமலர்ச்சியின் எழுத்தாளரும் மானிடவியலாளருமான சோரா நீல் ஹர்ஸ்டன் இம்மரபைத் தெற்கில் நேரில் சென்று ஆராய்ந்தார். அவருடைய நீண்ட கட்டுரை 1931-இல் ஒரு நாட்டாரியல் ஆய்விதழிலும், ‘மியூல்ஸ் அண்ட் மென்’ நூல் 1935-இலும் வெளிவந்தன. படித்தவர் பலர் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியதை அவர் அறிவு மரபாகப் பதிவு செய்தார். அம்மரபை வில்லனின் மாந்திரீகமாகக் காட்டிவந்த வெகுசனக் கதைகளுக்கு மாறாக, குணப்படுத்தும் கலையாக முன்வைப்பது ‘பிட்டர் ரூட்’டின் குறிப்பிடத்தக்க பங்களிப்பு.

வரைகதை வரலாற்றில் இடம்

அமெரிக்க வரைகதையின் தொடக்க காலத்தில் கறுப்பினப் பாத்திரங்கள் பெரும்பாலும் தடித்த உதடும் கொச்சைப் பேச்சும் கொண்ட கேலிச் சித்திரங்களாகவே இருந்தன. வில் ஐஸ்னரின் ‘தி ஸ்பிரிட்’ தொடரில் வந்த எபனி ஒயிட் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இதை மாற்ற ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கறுப்பினப் பத்திரிகையாளர் ஓரின் சி. எவன்ஸ் 1947-இல் ‘ஆல்-நீக்ரோ காமிக்ஸ்’ இதழை வெளியிட்டார். எழுதியோரும் வரைந்தோரும் கறுப்பினத்தவரே. இரண்டாம் இதழுக்குத் தாள் கிடைக்காததால் அம்முயற்சி ஒரே இதழோடு நின்றது.

1956-இல் இ.சி. காமிக்ஸ் நிறுவனம் ‘ஜட்ஜ்மெண்ட் டே’ என்ற கதையை மறுவெளியீடு செய்ய முயன்றபோது, கடைசிப் படத்தில் விண்வெளி வீரர் கறுப்பினத்தவராக இருப்பதை மாற்றும்படி தணிக்கைக் குழு கேட்டது. பதிப்பாளர் மறுத்துவிட்டார். 1966-இல் பிளாக் பாந்தரும் 1972-இல் லூக் கேஜும் மார்வெல்லில் அறிமுகமாயினர். எனினும் இவர்களைத் தொடக்கத்தில் உருவாக்கியோர் வெள்ளையினப் படைப்பாளிகள். 1993-இல் டுவெய்ன் மெக்டஃபி, டெனிஸ் கோவன் முதலியோர் தொடங்கிய மைல்ஸ்டோன் மீடியா, கறுப்பினப் படைப்பாளிகளின் உரிமையில் இயங்கிய முக்கிய நிறுவனமாயிற்று. ‘பிட்டர் ரூட்’ இந்த வரிசையில் வருகிறது.

ஓவியத்தில் கிரீன் நேர்கோடுகளைத் தவிர்த்து, வளைந்தும் அலைந்தும் செல்லும் தூரிகைக் கோடுகளைப் பயன்படுத்துகிறார். நீராவி இயந்திரக் கருவிகளும் 1920-களின் உடைகளும் ஒரே படத்தில் கலக்கின்றன. ஊதாவும் ஆரஞ்சும் பச்சையுமான நிறங்கள் இரவுக் காட்சிகளுக்கு ஒரு ஜாஸ் அரங்கின் ஒளியைத் தருகின்றன.

இதழ்களின் பின்பக்கங்களில் இடம்பெற்ற கட்டுரைகள் இத்தொடரின் தனிச்சிறப்பு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகப் பேராசிரியரும் வரைகதைக் கலைஞருமான ஜான் ஜென்னிங்ஸ் இவற்றைத் தொகுத்தார். ஹார்லெம் மறுமலர்ச்சி, நாட்டார் மரபு, இனவன்முறை ஆகியவை குறித்து ஆய்வாளர்கள் எளிய நடையில் எழுதினர். இனத்தின் பெயரால் நேர்ந்த துயரத்தைத் திகில் வடிவத்தில் பேசும் படைப்புகளுக்கு ஜென்னிங்ஸும் ஸ்டான்ஃபோர்டு கார்பென்டரும் ‘எத்னோகாத்திக்’ என்ற சொல்லை உருவாக்கியிருந்தனர். அவ்வகைக்கு ‘பிட்டர் ரூட்’ சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது.

வரவேற்பு

வரைகதைத் துறையின் உயரிய அங்கீகாரமான ஐஸ்னர் விருதுகளில், சிறந்த தொடருக்கான விருதை ‘பிட்டர் ரூட்’ 2020-இலும் 2022-இலும் பெற்றது. லெஜண்டரி நிறுவனம் இதைத் திரைப்படமாக்கும் திட்டத்தை 2019-இல் அறிவித்தது. தயாரிப்பாளர்களுள் ஒருவராக ரயன் கூக்ளரும், பின்னர் 2021-இல் இயக்குநராக ரெஜினா கிங்கும் அறிவிக்கப்பட்டனர்.

டல்சா படுகொலையை உலகெங்கும் பலர் முதன்முதலில் அறிந்தது 2019 அக்டோபரில் ஒளிபரப்பான ‘வாட்ச்மென்’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சி வழியாகத்தான். 2020-இல் வந்த ‘லவ்கிராஃப்ட் கண்ட்ரி’ தொடரும் அதைக் காட்டியது. அவற்றுக்குச் சில மாதங்கள் முன்பே ‘பிட்டர் ரூட்’ அந்நிகழ்வைத் தன் கதையின் நடுவில் வைத்திருந்தது.

மதிப்பீடு

பிரிந்த குடும்பம் மீண்டும் கூடுவது வெகுசனக் கதைகளில் பழகிய முடிவு. இத்தொடரில் கூடுதல் என்பது ஒருவர் மற்றவரிடம் தோற்பதன் மூலம் நிகழவில்லை. ஃபோர்டின் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு என்பதை மா எட்டாவின் வீடும், மா எட்டாவின் மருந்துக்குப் பயன் உண்டு என்பதை ஃபோர்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிளிங்க் வேட்டைக்குச் செல்வதும் அதே மாற்றத்தின் பகுதி.

வரலாறு அத்தனை விரைவாக மாறவில்லை. 1922-இல் மேலவையில் முடங்கிய டையர் மசோதாவின் நோக்கம் ‘எம்மெட் டில் கும்பல் கொலைத் தடுப்புச் சட்டம்’ என்ற பெயரில் நிறைவேறியது 2022 மார்ச்சில், அதாவது நூறு ஆண்டுகள் கழித்து. அந்த இடைவெளியில் வாழ்ந்த குடும்பங்கள் தங்கள் துயரத்தை வெறுப்பாக மாறவிடாமல் எப்படிக் காத்தன என்பது சட்டப் புத்தகங்களில் இல்லாத செய்தி. அச்செய்தியை ஓர் அரக்கர் வேட்டைக் கதையின் வழியே இளம் வாசகரிடம் கொண்டுசேர்த்ததே ‘பிட்டர் ரூட்’டின் வரலாற்றுப் பயன்.